கல்லூரிக்குப் போய்வர பைக் வாங்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் எண்ணூரை அடுத்த கத்திவாக்கத்தில் வசிக்கிறோம். கணவர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மாத வருமானம் 18,000 ரூபாயைத் தாண்டாது. அரசுப் பள்ளியில் படித்த 17 வயது மகன் மாநிலக் கல்லூரியில் பி.காம். சேர்ந்திருக்கிறான். அவன் போய்வர, என் இரண்டு சவரன் சங்கிலியை அடகு வைத்து 55,000 ரூபாய்க்குப் பழைய பைக் வாங்கலாம் என்றிருக்கிறோம். அடகுக் கடையில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி கேட்கிறார்கள். அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்த மகளை, வீட்டு வாசலுக்கே வேன் வருகிறது என்பதால் தனியார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கவும் எண்ணம். செய்யலாமா?

பதில்: அம்மா, சங்கிலி பெட்டியிலேயே இருக்கட்டும். 55,000 ரூபாய்க்கு நூற்றுக்கு இரண்டு என்றால் மாதம் 1,100 ரூபாய் வட்டி. அதில் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. கத்திவாக்கத்திலிருந்து கல்லூரி இருக்கும் சேப்பாக்கத்துக்குப் போய்வர நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்தால், மாதத்தில் 22 நாட்களுக்குப் பெட்ரோல் மட்டும் ஏறத்தாழ 2,000 ரூபாய் ஆகும். காப்பீடு, பழுது ஆகியவற்றைச் சேர்க்காமலே மாதம் 3,100 ரூபாய், அதாவது உங்கள் வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு, போய்விடும்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. 17 வயதில் உங்கள் மகனுக்குக் கியர் வண்டி ஓட்ட உரிமம் கிடைக்காது. உரிமமில்லாமல் ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் விதிக்க முடியும். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் கொடுத்த இழப்பீட்டை உங்களிடமே திரும்பக் கேட்கவும் நேரலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசைகட்டும் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டுவது எப்படிப்பட்டது என்பதை, அங்கே லாரி ஓட்டும் உங்கள் கணவரிடமே கேளுங்கள்.

மாநிலக் கல்லூரி அரசுக் கல்லூரி என்பதால், மாநகரப் பேருந்தில் அவனுக்கு இலவசப் பயண அட்டை உண்டு. கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி தடத்து ரயிலில் வந்து, சென்ட்ரலிலோ கடற்கரை நிலையத்திலோ மாறிச் செல்வது அவனுக்கு இன்னும் விரைவாக இருக்கும். கல்லூரி தரும் சலுகைப் படிவத்தைக் காட்டினால் மாணவர் சீசன் டிக்கெட் பாதிக் கட்டணத்தில் கிடைக்கும். மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் இன்னும் குறையும்.

தமிழ்ப் புதல்வன் திட்டம் இதற்கு மேல் வருவது. 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேர்ந்த மாணவருக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. வேறு உதவித்தொகை பெறுவது இதற்குத் தடையில்லை. கல்லூரியில் இதற்கென உள்ள பொறுப்பாசிரியரிடம் பள்ளியில் அவனுக்குத் தந்த எமிஸ் எனும் மாணவர் அடையாள எண்ணையும் ஆதாரையும் கொடுத்துப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். பலருக்குப் பணம் நின்றுபோவது வங்கிக் கணக்கில்தான்: பள்ளி நாட்களில் தொடங்கிய கணக்கு இரண்டாண்டு பயன்பாடின்றி முடங்கியிருக்கும், அல்லது ஆதார் வேறொரு கணக்கோடு இணைந்திருக்கும். மகனை அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போய், நேரடி மானியம் பெற ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆகவே உங்கள் உண்மையான சிக்கல், அட்டையும் உதவித்தொகையும் கைக்கு வரும் வரையிலான முதல் இரண்டு மூன்று மாதங்கள் மட்டுமே. அதற்கு 3,000 ரூபாய் போதும் என்பது என் கணிப்பு. நீங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் அந்தத் தொகையை உள்கடனாக, அதாவது குழுவின் சொந்த நிதியிலிருந்து, வாங்கி, உதவித்தொகை வந்ததும் முதலில் அதை அடைத்துவிடுங்கள்.

மகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இப்போது தனியார் பள்ளிக்கு மாற்றினால், அரசுப் பள்ளியிலேயே பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்குக் கல்லூரியில் மாதந்தோறும் தரப்படும், 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாயை அவள் இழப்பாள். மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு அது 36,000 ரூபாய். பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள் இடஒதுக்கீடும் கைவிட்டுப் போகும். அந்த இடஒதுக்கீட்டில் சேருவோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது என்பதால் அந்த இழப்பு லட்சங்களில் இருக்கும். வாசலுக்கு வரும் வேனுக்காக இதை விட்டுக்கொடுக்க வேண்டாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, பள்ளி மாணவி என்ற முறையில் இலவசப் பயண அட்டையும் உண்டு. ரயிலில் சென்றாலும், வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு வரையில் இலவச மாத சீசன் டிக்கெட் தர ரயில்வே விதி இடம் தருகிறது. பையன்களுக்கு அது பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது.

உங்கள் கணவர் அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. பதிவு பெற்ற உறுப்பினரின் பிள்ளைகளுக்கு வாரியம் கல்வி உதவி தருகிறது. பெரிய தொகை இல்லையென்றாலும் மகனின் சீசன் டிக்கெட்டுக்கு ஆகும். பதிவு இல்லையென்றால், இ-சேவை மையத்தில் வாரியப் பதிவுக்கு என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று கேட்டு வாருங்கள்.