டர்போ காருக்குக் குறைந்த காசில் கூடின வலு: கேள்வி பதில்

டொயோட்டா கிளான்சா, சுபாரு இம்ப்ரெசா, மிட்சுபிஷி எவோ வைத்திருக்கும் தம்பிமார் கேட்ட கேள்விகளும் என் பதில்களும். டர்போ என்பது எஞ்சின் புகையின் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் கூடக் காற்றைத் தள்ளும் விசிறி.

சுன்னாகத்திலிருந்து: அண்ணை, கிளான்சா வைத்திருக்கிறேன். கம்பனி கொடுத்தது 135 குதிரைவலு. 200க்குக் கொண்டுபோகப் பெரிய டர்போ ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கட்டோ?

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. கிளான்சா எல்லாம் 25 வயது தாண்டிய வாகனம். முதல் காசை எஞ்சினைச் சோதிக்கச் செலவழியுங்கள். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பாருங்கள், நான்கு சிலிண்டருக்கும் இடையில் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வலுவைப் பற்றிக் கதைக்கவே கூடாது, முதலில் எஞ்சின் வேலை. அது சரி என்றால் டர்போவுக்குக் காற்று போகும் வாயை அடைத்து, உள்ளே மெதுவாகக் காற்று அடித்து, ஹோஸ் மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள். குமிழி வரும் இடமெல்லாம் பூஸ்ட், அதாவது டர்போ அழுத்தித் தள்ளும் காற்று, ஒழுகுகிறது. பழைய ரப்பர் ஹோஸ்களில் இது நிறைய. ஒழுக்கு இருந்தால் அதே பூஸ்டைக் கொடுக்க டர்போ கூடச் சுற்றும், கூடச் சூடாகும்.

பிறகு பெற்றோல் பம்ப், நிமிடத்துக்கு 440 சிசி அளவில் பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டர், ட்யூன் பண்ணக்கூடிய ஈசியூ (எஞ்சினின் கணினி), வைட்பேண்ட் மீற்றர் (காற்று, பெற்றோல் கலவையை அளப்பது), இன்டர்கூலர் (டர்போவில் சூடான காற்றைக் குளிர்த்துவது). டர்போ கடைசி.

நெல்லியடியிலிருந்து: பூஸ்டைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் மட்டும் பூட்டி 1 பாருக்கு ஏற்றினால் காணாதோ?

அதிக எஞ்சின்கள் போவது இந்த இடத்தில்தான். எங்கட வெயிலில் 35 பாகைக் காற்று உள்ளே போகிறது என்று வைப்போம். 1 பார் பூஸ்ட் என்றால் காற்றின் அழுத்தம் இரண்டு மடங்கு. நல்ல டர்போவிலேயே அந்தக் காற்று 120 பாகைக்கு மேல் சூடாகித்தான் வெளியே வரும். கம்பனி போட்ட சின்ன டர்போவை அதன் அளவுக்கு மேல் ஓட்டினால் இன்னும் கூடும். இன்டர்கூலர் அதைக் குளிர்த்தாவிட்டால் பெற்றோல் தன் பாட்டில் வெடிக்கும். அதுதான் நொக். பிஸ்டனில் ரிங் இருக்கும் விளிம்பு உடைவது அதனால்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்து வடிவாகப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளியோ, மினுங்கும் வெள்ளிப் பொட்டோ தெரிந்தால் நொக் நடக்கிறது. வெள்ளிப் பொட்டு என்றால் பிஸ்டனின் அலுமினியமே கரைந்து வந்திருக்கிறது. அன்றே பூஸ்டைக் குறையுங்கள்.

கம்பனி ஈசியூ ஓர் அளவுக்கு மேல் பூஸ்ட் போனால் பெற்றோலை வெட்டும். அதை ஏமாற்ற விற்கும் சின்னப் பெட்டியைப் பூட்டவே வேண்டாம். முழு பூஸ்டில் காற்றும் பெற்றோலும் 11.5க்கு 1 அளவில் நிற்கிறதா என்று வைட்பேண்டில் பாருங்கள்.

சாவகச்சேரியிலிருந்து: 92 ஒக்டேன் பெற்றோல் அடிக்கலாமோ?

95க்கு ட்யூன் பண்ணினால் 95தான். ஷெட்டில் 92 மட்டும் இருக்கும் நாளுக்கென்று குறைந்த பூஸ்டில் இன்னொரு மேப் (ஈசியூவில் ஏற்றும் ட்யூன்) கேட்டு வாங்கி வையுங்கள்.

மானிப்பாயிலிருந்து: எதில் காசு மிச்சம் பிடிக்கலாம்?

இன்டர்கூலர், பைப் வேலை, கேட்ஜ் எல்லாம் பாவித்ததே போதும். கடற்கரைப் பக்கம் ஓடின வாகனத்திலிருந்து கழற்றிய இன்டர்கூலர், ரேடியேட்டர் என்றால் மட்டும் உப்புக்காற்றில் செட்டை (மெல்லிய அலுமினியத் தகடு) உதிர்ந்திருக்கா என்று விரலால் தடவிப் பாருங்கள். பெற்றோல் பம்ப்பிலும் இன்ஜெக்டரிலும் மிச்சம் பிடிக்கவே கூடாது. பிரபலமான பம்ப்புகளுக்கு அச்சு அசலாகப் போலி வருகிறது. பம்ப் பாதி வழியில் தளர்ந்தால் முழு பூஸ்டில் பெற்றோல் காணாமல் பிஸ்டன் போய்விடும். கிளச்சும் பிரேக்கும் இதே பட்ஜெட்டுக்குள் வரவேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து: ஆனையிறவு நேர் ரோட்டில் வைத்து ட்யூன் பண்ணலாமோ?

வேண்டாம் தம்பி. ஏ9இல் காருக்கு 70 கிலோமீற்றர்தான் சட்டம். மாடு குறுக்கே வரும், உழவு இயந்திரம் லைட் இல்லாமல் வரும். கொழும்புப் பக்கம் போகும்போது ஒருநாள் டைனோவில் (கார் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழலவிட்டு வலுவை அளக்கும் மெஷினில்) ஏற்றுங்கள். அந்தக் காசு ஒரு பிஸ்டன் செட்டை விடக் குறைவு.

கோண்டாவிலிலிருந்து: ஒயில்?

நல்ல சிந்தெற்றிக், 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை. விரட்டி ஓடி வந்தால் உடனே நிறுத்தாமல் ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். டர்போ மாற்றும் நாளில் அதற்கு ஒயில் வரும் குழாயையும் புதிதாகப் போடுங்கள். பழையதற்குள் கரி அடைத்திருந்தால் புது டர்போவும் அதே வழியில் போகும்.