ரெஃப்ரிய மட்டும் திட்டினா போதுமா?

கேள்வி: 2023 ரக்பி வேர்ல்டு கப் ஃபைனல்ல நியூசிலாந்து கேப்டன் சாம் கேனுக்கு ரெட் கார்டு, சவுத் ஆப்பிரிக்கா கேப்டன் கொலிசிக்கு வெறும் யெல்லோ. ரெண்டுமே எதிராளி தலைல பட்ட டேக்கிள்தானே? எங்க ஃப்ரெண்ட்ஸ்குள்ள இன்னும் சண்டை ஓயல. ரெஃப்ரிங் தரம் குறைஞ்சுடுச்சா?

பதில்: ரெஃப்ரி வெய்ன் பார்ன்ஸ் ரெண்டு பேருக்குமே முதல்ல யெல்லோதான் காட்டினாரு, அப்புறம் பங்கர்ல, அதாவது மைதானத்துக்கு வெளிய தனி ரூம்ல, ரீப்ளே பாக்குற அதிகாரிதான் கேனோடத ரெட் ஆக்கினாரு. தலைல பட்டுச்சாங்கறது மட்டும் கேள்வி இல்லீங்க, எவ்ளோ வேகம், எவ்ளோ ஆபத்து, குத்தத்தக் குறைக்கிற காரணம் ஏதாவது இருக்கா, இதெல்லாம் வரிசையா பாக்கணும். அதனால ஒரே மாதிரி தெரியற ரெண்டு டேக்கிளுக்கு வேற வேற கார்டு வரலாம்.

ஆனா உங்க கோபத்துல நியாயம் இருக்கு. என்ன காரணத்துக்காக ரெட், ஏன் யெல்லோன்னு அப்பவே ரசிகருக்குப் புரியற மாதிரி விளக்கிச் சொல்றதில்ல, என்னைக் கேட்டா பெரிய குறையே அதுதான். நியூசிலாந்தோட ஆரன் ஸ்மித் போட்ட ட்ரையும் (பந்தை எதிரணி கோட்டுக்கு அப்பால தரைல வச்சு எடுக்குற ஸ்கோர்) அப்படித்தான், ஆட்டத்துல பல ஃபேஸ் (கட்டம்) முன்னாடி நடந்த நாக்-ஆனை (பந்தைக் கைதவறி முன்னாடி தட்டுற தப்பு) காரணம் காட்டி கேன்சல் பண்ணாங்க, மேட்ச்ல நியூசிலாந்து 12-11ன்னு தோத்தப்ப அது எப்படி வலிக்காம இருக்கும்?

விமர்சனம் பண்ணுங்க, தாராளமா. மிரட்டல் மட்டும் கூடவே கூடாது. அந்த மேட்சோட டிஎம்ஓ, அதாவது வீடியோ பார்த்து ரெஃப்ரிக்கு உதவுற அதிகாரி, டாம் ஃபோலி, வந்த மிரட்டல்களால இன்டர்நேஷனல் மேட்ச்லேர்ந்தே ஒதுங்கிட்டாரு. இப்படியே போனா நல்லா ரெஃப்ரிங் பண்ண யாரு வருவாங்க?