பன்னாடையில் சிக்கிய கடல்: கலப்பு ஊடக ஓவியம், கேள்வி பதில்

வண்ணத்தோடு கடதாசி, துணி, மண் என்று கைக்கு அகப்பட்டதையும் சேர்த்துப் படம் செய்பவள் நான். யாழ்ப்பாணத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

நல்லூர் மாணவி: அக்கா, உங்கள் பண்ணைக் கடல் படத்தில் வலையை எப்படிக் கொண்டுவந்தீர்கள்?

வலை வரையும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை, தங்கச்சி. மாலைக் கடலும் பாலத்து விளக்குகளுமாகத்தான் தொடங்கினேன். மூன்று வாரம் தீட்டியும் தண்ணீர் சீமெந்துத் தரைபோலவே கிடந்தது. கரைக்கு மணல் தூவலாம் என்றால் அரிதட்டைக் காணவில்லை. வளவில் பனம் பன்னாடை கிடந்தது, மட்டையடியில் வலைபோல் பின்னியிருக்கும் நார். அதில் அரித்தேன். அது கை தவறி ஈர வண்ணத்தில் விழுந்தது. உரித்தெடுத்தால், நீலத்தில் இழை இழையாகக் கீறல்கள். அவற்றினூடே அடியில் பூசியிருந்த காவி எட்டிப் பார்த்தது. தண்ணீருக்குள் வலை விரித்தாற்போல் இருந்தது. மறுநாள் பாலத்தை மறைத்துப் பூசிவிட்டேன். விளக்குகளை அழிக்க மட்டும் நான்கு நாள் மனம் வரவில்லை.

மாணவி: அப்படியானால் எல்லாம் தற்செயல்தானா?

விழுந்தது தற்செயல். அடியில் காவி பூசி உலரவிட்டிருந்தது தற்செயல் அல்ல. பிறகு பழைய பலகையில் பதினொரு முறை பதித்துப் பார்த்தேன். வண்ணம் நீர்த்திருந்தால் கீறல் மூடிக்கொள்கிறது. உலர்ந்துவிட்டால் பன்னாடையோடு தோலாக உரிந்து வருகிறது. மேற்பரப்பின் மினுக்கம் மங்கத் தொடங்கும் நேரமே பதம். நான் பூசியது அக்ரிலிக் வண்ணம்; அதிலுள்ள தண்ணீர் ஆவியாகித்தான் அது உலரும். பங்குனி வெயிலில் அந்தப் பதம் சில நிமிடம்தான் நிற்கும். நல்லதை விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் மாணாக்கனுக்குப் பழைய இலக்கணம் உவமை சொன்னது இந்தப் பன்னாடையைத்தான். எனக்கு அது வாத்தியாரானது.

மானிப்பாய் அன்பர்: அம்மம்மாவின் பெட்டியில் இருந்த பழைய செய்தித்தாளைப் படத்தில் ஒட்டலாமா?

மூலத்தை ஒட்டாதீர்கள். செய்தித்தாளின் மரக்கூழில், மர இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. வெளிச்சம் பட்டுப் பழுப்பேறி நொறுங்கும். அமிலமற்ற கடதாசியில் லேசர் நகல் எடுத்து ஒட்டுங்கள். இன்க்ஜெட் நகலில் பசையின் ஈரம் பட்டால் மை கசியக்கூடும். தாள் பெட்டியிலேயே இருக்கட்டும்.

கோப்பாய் அன்பர்: அக்ரிலிக் மேல் எண்ணெய் வண்ணம்?

நன்றாக உலர்ந்தபின் பூசலாம். எண்ணெய் வண்ணத்தின்மேல் அக்ரிலிக் வேண்டாம், உரியும்.

சாவகச்சேரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: கண்டதை ஒட்டுவதெல்லாம் ஓவியமா?

ஐயா, 1912இல் பிக்காசோ பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுசீலையைப் படத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிறு கட்டினார். அந்த வழக்கு அன்றே முடிந்துவிட்டது. ஆனால் உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. ஓர் ஓலைத்துண்டை ஒட்டிவிட்டால் யாழ்ப்பாணம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. நானும் அப்படி நாலைந்து படம் செய்து பரணில் போட்டிருக்கிறேன். பண்ணைக் கடல் படத்தில் பன்னாடை இல்லை, அதன் தடம்தான் இருக்கிறது.

மாணவி: அந்தப் பன்னாடை இப்போது எங்கே?

கழுவிக் கொடியில் போட்டிருக்கிறேன். மணல் அரிக்கப் புது அரிதட்டு வாங்கியாயிற்று.