மீகொங் ஆற்றில் ஏழு இரவுகள்: கப்பலில் சுகம், கரையில் படிகள்

கேள்வி: நானும் மனைவியும் கொக்குவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். எனக்கு 68 வயது, அவருக்கு 64. எங்கள் திருமணத்தின் நாற்பதாவது ஆண்டை ஒட்டி, நோர்வேயிலும் கனடாவிலும் இருக்கும் பிள்ளைகள் எங்களையும் கூட்டிக்கொண்டு மீகொங் ஆற்றில் ஏழு இரவுச் சொகுசுக் கப்பல் பயணம் போக விரும்புகிறார்கள். கம்போடியாவின் சியாம் ரீப்பில் தொடங்கி வியட்நாமின் ஹோ சி மின் நகரில் முடியும் பயணம். விடுமுறையைப் பார்த்து ஏப்ரல் முதல் வாரத்தைக் கேட்டிருக்கிறார்கள். முற்பணம் இன்னும் கட்டவில்லை. மனைவி முழுச் சைவம், முட்டையும் தொடமாட்டார். நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறார், முழங்கால் நோவும் உண்டு. நெடுந்தீவுக்குப் படகில் போனாலே அவருக்குத் தலை சுற்றும். நாங்கள் இந்தப் பயணத்துக்குப் போகலாமா? போனால் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: போகலாம். ஆனால் முற்பணம் கட்டுவதற்கு முன் மாதத்தைப் பற்றிப் பிள்ளைகளுடன் ஒருமுறை கதைக்க வேண்டும். அதற்கான காரணத்துக்கு வருமுன், தலைசுற்றல் பற்றிய கவலையை இறக்கி வைத்துவிடுகிறேன். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும்போது படகைத் தூக்கிப் போடுவது கடலலை. மீகொங்கில் அந்த அலை இல்லை. இந்தக் கப்பல்கள் ஆழம் குறைந்த நீரிலும் போகக்கூடிய தட்டையான அடிப்பாகம் கொண்டவை. நின்று நிதானமாகவே செல்லும். பெரும்பாலானவை இரவில் கரையோரம் கட்டப்பட்டோ நங்கூரமிட்டோ நின்றுவிடும். இரவில் உங்களுக்குக் கேட்கப்போவது மின்பிறப்பாக்கியின் மெல்லிய இரைச்சல் மட்டுமே. சிறு வள்ளங்களில் ஏறிக் கால்வாய்களுக்குள் போகும்போது சற்று ஆட்டம் இருக்கும், அதுவும் சில நிமிடங்கள்தான்.

உங்கள் மனைவிக்குச் சிரமம் தரக்கூடியது கப்பலில் இருப்பதல்ல, கப்பலை விட்டு இறங்குவது. விளம்பரப் படங்களில் வெள்ளை விரிப்பும் மேல்தட்டுச் சாய்நாற்காலியும்தான் தெரியும். ஆனால் ஒரு சாதாரண நாளில் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என இரண்டு தடவை கரைக்கு அழைத்துப் போவார்கள். பெரிய நகரங்களில் ஒழுங்கான இறங்குதுறை உண்டு. கிராமங்களில் கப்பல் மண்கரையோடு அணைந்து நிற்கும். ஒரு பலகையைப் போட்டு, மேலே கரையை வெட்டிப் படியாக்கியிருக்கும் பாதையில், பணியாளர்கள் கைபிடித்து ஏற்றிவிடுவார்கள். அந்தப் படிகள் பத்தா ஐம்பதா என்பதை ஆற்றின் நீர்மட்டம்தான் தீர்மானிக்கிறது.

மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர ஆறென்று ஒன்றில்லாத குடாநாட்டில் பிறந்த நமக்கு, ஓர் ஆற்றின் மட்டம் ஆண்டுக்குள் வீட்டுக் கூரைக்கும் மேலாக ஏறி இறங்கும் என்பது எளிதில் மனதில் பதிவதில்லை. கம்போடியத் தலைநகர் நொம் பென்னில் மீகொங்குடன் வந்து சேரும் தொன்லே சாப் ஆறு, மழைக்காலத்தில் மீகொங்கின் வெள்ளம் அழுத்துவதால் திசை திரும்பிப் பின்னோக்கி ஓடி, தன் மேற்பக்கத்தில் இருக்கும் அதே பெயருடைய ஏரியை நிரப்புகிறது. மழை ஓய்ந்து மீகொங் வற்றத் தொடங்கியதும், ஒக்டோபர் நவம்பர் அளவில், மறுபடி திரும்பிக் கடலை நோக்கி ஓடுகிறது. வறட்சியில் ஏறத்தாழ 2,500 சதுரக் கிலோமீற்றராக இருக்கும் அந்த ஏரி, வெள்ளத்தின் உச்சத்தில் 15,000 சதுரக் கிலோமீற்றர் வரை பரவுகிறது. யாழ்ப்பாண மாவட்டத்தின் மொத்தப் பரப்பே ஏறக்குறைய 1,000 சதுரக் கிலோமீற்றர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும்.

ஏப்ரல் மாதத்தில் இந்த ஏரி ஒன்றிரண்டு மீற்றர் ஆழத்துக்கு வற்றிக் கிடக்கும். ஆகவே "சியாம் ரீப்பில் தொடங்கும் பயணம்" என்று எழுதியிருந்தாலும் கப்பல் அங்கே நிற்காது; சியாம் ரீப்பிலுள்ள ஹோட்டலிலிருந்து கம்போங் சாம் போன்ற ஒரு துறைக்கு நான்கைந்து மணித்தியாலம் பேருந்தில் போய்த்தான் ஏற வேண்டியிருக்கும். மறுமுனையிலும் பல கப்பல்கள் ஹோ சி மின் நகரம் வரை வருவதில்லை. ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தள்ளியுள்ள மி தோவில் இறக்கி, அங்கிருந்து பேருந்தில் அனுப்புவார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் கேட்காதவருக்கு யாரும் சொல்வதில்லை. ஏப்ரல் அங்கே ஆண்டின் மிகச் சூடான மாதமும்கூட. பிற்பகலில் வெப்பம் 35 பாகையைத் தாண்டுவது வழமை. நீர் தாழ்ந்திருப்பதால் கரை உயர்ந்திருக்கும். முழங்கால் நோவுள்ளவர் அந்தச் சூட்டில் அந்தக் கரையை ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இறங்குவதை நான் விரும்பமாட்டேன்.

என் ஆலோசனை, முடிந்தால் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிக்குள் மாற்றுங்கள் என்பதே. மழை விட்டிருக்கும், வெப்பம் தாங்கக்கூடியதாக இருக்கும், நீரும் அடியோடு இறங்கியிருக்காது. பிள்ளைகளுக்கு நத்தார் விடுமுறையும் அதற்குள் வரும். கட்டணம் கூடும் காலமும் அதுதான் என்பதை மறைக்கவில்லை. ஓகஸ்ட், செப்டெம்பரில் கரைப்படிகள் மிகக் குறைவு, ஆனால் மழையும் சேறும் உண்டு. ஏப்ரலை மாற்றவே முடியாதென்றால், முதல் வாரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்குச் சித்திரைப் புத்தாண்டு வரும் அதே நாட்களில்தான் கம்போடியருக்கும் புத்தாண்டு. ஊருக்குப் போகும் சனத்தால் நொம் பென் வெறிச்சோடும், கடைகள் பூட்டியிருக்கும்.

அறையைத் தெரிவு செய்யும்போது அழகைப் பார்க்காமல் தட்டைப் பாருங்கள். இவை பெரும் கடற்கப்பல்கள் அல்ல. சில டசின் பயணிகளையே ஏற்றும் மூன்று நான்கு தட்டுக் கப்பல்கள், அவற்றில் பலவற்றில் மின்தூக்கி இல்லை. உணவறையும் இறங்கும் வாசலும் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று கேட்டு, அதற்கு மிக அண்மையான தட்டில், இயந்திரம் இருக்கும் பின்பக்கத்தைத் தவிர்த்து நடுப்பகுதியில் அறை கேளுங்கள். மாடத்துடன் கூடிய மேல்தட்டு அறைக்காகப் பிள்ளைகள் கூடுதல் பணம் கட்ட முன்வருவார்கள். அம்மாவுக்கு அது ஒவ்வொரு வேளையும் கூடுதல் படி என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

நாளின் ஒழுங்கு ஏறக்குறைய நம் பழைய பள்ளிக்கூட நேரசூசி போன்றது. ஏழு மணியளவில் காலை உணவு, எட்டு அல்லது எட்டரைக்கு முதற் பயணம், நண்பகலுக்கு முன் திரும்பி வந்து குளித்துச் சாப்பாடு, வெயில் தாழ்ந்தபின் இரண்டாம் பயணம், இரவுணவுக்கு முன் மறுநாள் எங்கே, எத்தனை படி, எவ்வளவு நடை என்ற விளக்கம். அந்த விளக்கத்தை ஒருநாளும் தவறவிடாதீர்கள். எந்தப் பயணத்தையும் விட்டுவிட்டுக் கப்பலில் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. மேல்தட்டில் இருந்துகொண்டு, மீன்வலை வீசுபவரையும், மணல் ஏற்றி நீர்மட்டத்தோடு அமிழ்ந்து வரும் படகுகளையும், பாடசாலை விட்டு வள்ளத்தில் வீடு போகும் சிறுவரையும் பார்த்துக்கொண்டிருப்பதே பலருக்கு இந்தப் பயணத்தின் சிறந்த பகுதியாக அமைகிறது. கம்போங் சாமுக்கு அருகே உள்ள ஹான்சேய் குன்று, நொம் பென்னுக்கு அருகே உள்ள உடொங் குன்று ஆகியவற்றில் நூற்றுக்கணக்கான படிகள் உண்டு. வாகனம் எதுவரை போகும் என்று கேட்டபின் முடிவெடுக்கலாம். சியாம் ரீப்பிலுள்ள அங்கோர் வாட்டில் உச்சித் தளத்துக்கான செங்குத்துப் படிகளை ஏறாவிட்டால் பெரிய இழப்பில்லை. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் எழுப்பிய அந்த விஷ்ணு கோவிலின் கீழ்ச் சுற்றிலேயே பாற்கடல் கடைதலும் குருக்ஷேத்திரப் போரும் நீண்ட சுவர்களில் செதுக்கப்பட்டிருக்கின்றன, அது சமதள நடை.

நொம் பென்னில் துவோல் ஸ்லெங் சிறைக்கும் அழைத்துப் போவார்கள். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் வதைக்கப்பட்ட அந்த இடம், அதற்கு முன் ஒரு பள்ளிக்கூடம். கரும்பலகையும் வகுப்பறையும் இன்னும் அடையாளம் தெரியும். யுத்தத்தைக் கண்ட ஊரிலிருந்து போகும் இரண்டு ஆசிரியர்கள் அதைப் பார்க்க வேண்டுமா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். பார்க்கவில்லை என்றால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

சாப்பாட்டு விடயத்தில்தான் மிகக் கூடுதலான கவனம் வேண்டும், ஏனெனில் "மரக்கறி" என்ற சொல் அங்கே நாம் நினைக்கும் பொருளைத் தருவதில்லை. வியட்நாமியச் சமையலில் மீனைப் புளிக்கவைத்து எடுக்கும் நுவொக் மாம் நம் உப்பைப் போல எல்லாவற்றிலும் விழும். கம்போடியாவில் பிரஹொக் என்ற மீன் களி. கருவாட்டின் மணம் நமக்குப் புதிதல்ல என்றாலும், கீரைச் சுண்டலுக்குள் அது இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இவை போதாவென்று சிப்பிச் சாறும் எலும்பில் காய்ச்சிய சூப்பும். முதன்முறை போனபோது, காளான் சூப் என்று நம்பி நானே பாதிக் கிண்ணத்தைக் குடித்தபின்தான் கேட்டறிந்தேன். ஆகவே முன்பதிவிலேயே "இறைச்சி, மீன், முட்டை, மீன் சாறு, இறால் களி, சிப்பிச் சாறு, எலும்புச் சூப் எதுவும் கூடாது, பாலும் தயிரும் ஆகும்" என்று விரித்து எழுதுவியுங்கள். முதல்நாள் மாலை உணவறைப் பொறுப்பாளரிடம் அதையே மறுபடி சொல்லுங்கள். வியட்நாமில் "ஆன் சாய்" என்ற இரு சொற்கள் பெரும் உதவி செய்யும். பௌத்தர்கள் பலர் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் புலால் விலக்கி உண்பதால் சமையற்காரருக்கு அதன் பொருள் துல்லியமாகத் தெரியும். சோறும் தோஃபுவும் பழங்களும் தாராளம். உறைப்புக்கு ஏங்குபவர்கள் நம் மிளகாய்த்தூளில் ஒரு சிறு போத்தல் கொண்டுபோவது நல்லது. மாம்பழமும் லொங்கனும் மேசையில் குவிந்திருப்பது மட்டும் நீரிழிவுக்காரருக்குச் சோதனை.

இன்சுலினைப் பற்றி வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். நான் பயண ஒழுங்கு மட்டும் சொல்கிறேன். அதைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பாமல் கைப்பையில் வையுங்கள், விமானத்தின் சரக்கறையில் உறைந்துபோகக்கூடும். அறையின் சிறு குளிர்சாதனப் பெட்டியிலும் உறையும் தட்டுக்கு ஒட்டி வைக்காதீர்கள். கரைக்குப் போகும்போது குளிர்ப்பையும், சீனி திடீரென இறங்கினால் உடனே எடுக்கக் குளுக்கோஸும் கையோடு இருக்கட்டும். அங்கே மணிக்கூடு நம்முடையதைவிட ஒன்றரை மணித்தியாலம் முந்தியது; ஊசி நேரத்தை எப்படி நகர்த்துவது என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். குளிசைகளின் இரசாயனப் பெயர்களுடன் ஆங்கிலத்தில் ஒரு வைத்தியர் கடிதம் அவசியம். இத்தகைய சிறிய கப்பல்களில் பெரும்பாலும் வைத்தியர் இருப்பதில்லை. நல்ல வைத்தியசாலை என்றால் நொம் பென் அல்லது ஹோ சி மின் நகரம்தான். ஆகவே பயணக் காப்புறுதியில் நீரிழிவை மறைக்காமல் குறிப்பிட்டு, அவசரமாக வேறிடம் கொண்டுசெல்லும் செலவும் அடங்குகிறதா என்று பாருங்கள். மறைத்து எடுத்த காப்புறுதி, தேவைப்படும் நாளில் வெறும் தாள்.

வீசாவில் ஓர் எச்சரிக்கை. கப்பல் நிறுவனங்களின் குறிப்பேடுகளில் "வந்திறங்கியதும் பெறலாம்" என்று இருந்தால் அது ஐரோப்பிய, கனேடியக் கடவுச்சீட்டுக்காரரை மனதில் வைத்து எழுதியது. உங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்துவது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். இலங்கைக் கடவுச்சீட்டு என்று தனியாகக் குறிப்பிட்டு, கம்போடியாவுக்கான நடைமுறையைப் புறப்பட முன் எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். வியட்நாம் 2023 ஓகஸ்ட் முதல் எல்லா நாட்டவருக்கும் மின்வீசா வழங்குகிறது. ஆனால் விண்ணப்பத்தில் நுழையும் இடத்தைத் தெரிவு செய்ய வேண்டும். நீங்கள் விமானத்தில் அல்ல, ஆற்றெல்லையால் நுழைகிறீர்கள் என்பதால் அந்தத் துறையின் சரியான பெயரை நிறுவனத்திடம் கேட்டே நிரப்புங்கள். எல்லையில் கப்பல் சில மணித்தியாலம் நங்கூரமிட்டு நிற்கும். கடவுச்சீட்டுகளைப் பணியாளர்களே சேர்த்து எடுத்துப்போய் முடித்துவிடுவார்கள்.

மற்றவை சிறிய விடயங்கள். கம்போடியாவில் அமெரிக்க டொலர் செல்லும், ஆனால் கிழிந்த, எழுத்துப்பட்ட தாள்களை வாங்கமாட்டார்கள். பணியாளர்களுக்கான அன்பளிப்பு கட்டணத்தில் அடங்குகிறதா என்று முன்பே கேளுங்கள். நம் மூன்று முனைச் செருகிக்கு மாற்றி தேவை. கோவில்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது நமக்குச் சிரமமில்லை. வள்ளத்தில் ஏறும் நாட்களில் மட்டும் சேலையைவிடச் சல்வார் வசதி. வழுக்காத, நனைந்தாலும் பழுதில்லாத செருப்பு ஒன்று கட்டாயம்.

கம்போங் துரலாச் பக்கம் மாட்டுவண்டியில் ஏற்றிப் போவார்கள். வயல்வெளி நெடுகப் பனைகள் நிற்கும். பனைதான் கம்போடியாவின் தேசிய மரம். மரத்தில் ஏறிப் பாளை சீவி இறக்கிய பதநீரைக் காய்ச்சிச் சீனியாக்குவதை வழிகாட்டி உங்களுக்குப் புதுமை போல விளக்கத் தொடங்குவார். முடிந்தால் அவரைத் தடுக்காமல் கேட்டுவிட்டு, பிறகு நம் பனங்கட்டிக் குட்டானைப் பற்றிச் சொல்லுங்கள். நான் கூட்டிப்போனவர்களில் ஒருவர் அப்படிச் சொன்னபோது, பாளை சீவிக்கொண்டிருந்தவர் வேலையை நிறுத்திவிட்டு வந்து அரை மணித்தியாலம் சைகையிலேயே கதைத்தார்.

கடைசி நாள் காலையில் பெட்டிகளை அறைவாசலில் வைக்கச் சொல்வார்கள். மருந்துப்பை அதற்குள் போய்விடாமல் பாருங்கள். ஹோ சி மின் நகரில் மாலை நேரம் மிஞ்சினால், பென் தான் சந்தைக்கு அருகில், துருவொங் டின் வீதியில், அங்கு வாழ்ந்த தமிழர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பிய மாரியம்மன் கோவில் இருக்கிறது. இன்று அங்கே கற்பூரம் ஏற்றி நிற்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர். வாசலில் உயரமான படிகள் இல்லை.