போட்டி ஆணையம் சொல்லும் ஆலோசனையால் மக்களுக்கு என்ன பயன்?

கேள்வி: இந்தியப் போட்டி ஆணையம் அரசுக்கு ஆலோசனையும் சொல்லுமாமே, அதனால் சாதாரண மக்களுக்கு ஏதாவது பயன் உண்டா?

உண்டு. வேலூரில் மருந்து மொத்த வியாபாரத்தில் இருப்பதால் மருந்தை வைத்தே சொல்கிறேன்.

வியாபாரிகள் கூடி விலை பேசி வைத்தாலோ, டெண்டரில் சிண்டிகேட் அமைத்தாலோ ஆணையம் விசாரித்து அபராதம் போடும். செய்தியில் வருவது இதுதான். ஆனால் 2002-ம் ஆண்டு போட்டிச் சட்டத்தில் 49-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மத்திய அரசோ மாநில அரசோ ஒரு கொள்கை வகுக்கும்போது, அது போட்டியைப் பாதிக்குமா என்று ஆணையத்திடம் கருத்துக் கேட்கலாம். கேட்டால் 60 நாளுக்குள் சொல்லியாக வேண்டும். அதை ஏற்பதும் விடுவதும் அரசின் விருப்பம்.

எங்கள் தொழிலில் மருந்து கம்பெனி புது ஸ்டாக்கிஸ்ட் (மொத்த விற்பனையாளர்) போட வேண்டுமென்றால் மருந்து வியாபாரிகள் சங்கத்திடம் என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வாங்கி வரச் சொல்லும் வழக்கம் பல மாநிலங்களில் இருந்தது. சட்டம் கேட்பது மருந்து லைசென்ஸ் மட்டும்தான். இந்த வழக்கத்துக்காகச் சங்கங்கள் மீது ஆணையம் பல உத்தரவுகள் போட்டது, நல்ல வேலை.

ஆனால் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்து, பக்கத்துக் காந்தி ரோட்டு லாட்ஜ்களில் தங்கி வைத்தியம் பார்க்கும் வங்காளத்துக் குடும்பத்தின் சிரமம் வேறு. ஒரே மருந்து, பிராண்டுக்கு ஒரு விலை. டாக்டர் சீட்டில் எழுதிய பெயரைத்தான் அவர்கள் வாங்க முடியும்; எது மலிவு என்று அலசிப் பார்க்கத் தெம்பும் இருக்காது. இங்கே யாரும் சட்டத்தை மீறவில்லை, அபராதம் போட ஆளே இல்லை. விதிதான் மாற வேண்டும். அதைச் சொல்வதற்குத்தான் ஆலோசனை அதிகாரம்.

ஆணையம் சொல்லவும் செய்தது. 2018 அக்டோபரில், யாரும் கேட்காமல் தானாகவே, மலிவான மருத்துவம் பற்றி ஒரு கொள்கைக் குறிப்பு வெளியிட்டது. மருந்து வியாபாரத்தில் லாப விகிதம் அதிகம், மருத்துவமனைக்குள் இருக்கும் மருந்தகத்துக்குப் போட்டியே இல்லை, ஜெனரிக் மருந்தும் (காப்புரிமை முடிந்து எந்தக் கம்பெனியும் தயாரிக்கக்கூடிய மருந்து) பிராண்ட் பெயரிலேயே விலை ஏறுகிறது என்றெல்லாம் வெளிப்படையாக எழுதியது. லாப விகிதம் பற்றிச் சொன்னது என்னைப் போன்றவர்களையும் சேர்த்துத்தான். அது நியாயம் என்றே நினைக்கிறேன்.

ஆலோசனை அரசைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பது சரிதான், முடிவு எடுக்க வேண்டியது மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். ஆனால் ஏற்காவிட்டால் ஏன் என்று எழுத்தில் வெளியிட வேண்டும். தமிழக அரசும் மருந்து, பஸ், மணல் என்று புது விதி போடும்போதெல்லாம் முன்கூட்டியே கருத்துக் கேட்கலாம். சட்டத்தில் தடை எதுவும் இல்லை.