முகம் வரையத் தெரியும், போதுமா?

அன்பின் அண்ணா,
உயர்தரம் கணிதப் பிரிவில் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். எனக்குக் கட்டடக்கலை படிக்க விருப்பம், அப்பா எஞ்சினியரிங் என்று நிற்கிறார். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்று உளச்சார்புப் பரீட்சை வைப்பார்களாம், சித்திர வகுப்புக்குப் போ என்கிறார்கள். பென்சிலால் முகம் நன்றாக வரைவேன். அது போதுமா?
மாணவி, கொக்குவில்

அன்பின் தங்கச்சிக்கு,

முதலில் அலுவலைச் சொல்லிவிடுகிறேன். மொறட்டுவையில் கட்டடக்கலை 5 வருடப் படிப்பு, ஆங்கிலத்தில்தான். உயர்தரத்தில் எடுக்கும் இசட் புள்ளி மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். அந்தப் பரீட்சைக்குப் பல்கலைக்கழகத்துக்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் படிவம் அதற்குச் செல்லாது. நான் கோட்டைவிட்டது இதில்தான். அறிவித்தல் என் கண்ணில் பட்டபோது முடிவுத் திகதி போய் நாலு நாள். இல்லாவிட்டால் இப்போது கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டா இருப்பேன்?

சித்திர வகுப்பு... போனால் கை பழகும், சரி. ஆனால் முகம் வரைகிற கண் வேறு, வீடு பார்க்கிற கண் வேறு. உங்கள் சொந்தத்தில் யாரிடமாவது நடுவில் முற்றம் வைத்த பழைய நாற்சார் வீடு இருக்கும், அளவு நாடாவோடு அங்கே போங்கள். சுவரின் தடிப்பை அளந்து பாருங்கள். முற்றத்தில் விழுகிற மழைத்தண்ணீர் எந்த வழியால் வெளியே போகிறது, சித்திரை வெயிலில் மத்தியானம் வீட்டில் எந்த மூலை குளிர்ச்சி, கூரையை ஏன் அவ்வளவு பதித்து இறக்கியிருக்கிறார்கள் என்று அங்கேயே இருந்து யோசித்து, வரைபடமாகக் கீறுங்கள், கோணல்மாணலாக வந்தாலும் பரவாயில்லை. அப்புறம் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு முன்னால் ஒரு பின்னேரம் இருங்கள். 1981இல் அதை எரித்தது எல்லோருக்கும் தெரியும், 1959இல் திறந்த அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் குவிமாடம் அங்கே எதற்கு என்று நீங்களே ஒரு பதில் எழுதிப் பாருங்கள்.

அப்பா விசயம். இலங்கையின் பெயர்பெற்ற கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா முதலில் சட்டத்தரணி, கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றது 1957இல், 38 வயதில். இதை அப்பாவிடம் மட்டும் சொல்லாதீர்கள், நீயும் 38 வரை பொறு என்பார். ஆணைக்குழுவின் படிவத்தில் இரண்டு படிப்பையுமே போடலாம், உளச்சார்புப் பரீட்சை எழுதுவதால் எஞ்சினியரிங் பறிபோகாது. ஆனால் விருப்ப ஒழுங்கில் மேலே இருப்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆக, வீட்டில் சண்டை பிடிக்க மிச்சமிருப்பது எதை முதலாவதாகப் போடுவது என்பது ஒன்றுதான்.