ராப் இரட்டையரும் சொந்தக் கடையும் – கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் என் நண்பனும் சேர்ந்து ராப் பாடல்கள் செய்துவருகிறோம். நான் எழுதிப் பாடுகிறேன், அவன் லேப்டாப்பில் பீட், அதாவது பாட்டுக்கான தாளப் பின்னணி, அமைக்கிறான். அமெரிக்காவின் அட்மாஸ்பியர் என்ற இருவர் குழு எங்களுக்கு மிகவும் பிடிக்கும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களை அண்டர்கிரவுண்ட் குழு, அதாவது பெரிய சந்தைக்கு வெளியே இருக்கும் குழு, என்றுதான் சொல்கிறார்கள். நம் கோவையிலிருந்து கிளம்பிய ஹிப்ஹாப் தமிழாவோ சில ஆண்டுகளிலேயே சினிமாவுக்குப் போய்விட்டது. அப்படியென்றால் அட்மாஸ்பியர் தோற்றுவிட்டதா? அண்ணன்மார் கதையைப் பாடும் உடுக்கடிப் பாட்டுதான் நம்முடைய ராப் என்று நண்பன் சொல்கிறான், அது சரியா? "இதுல சோத்துக்கு வழி இருக்குதா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க., பல்லடம்

அன்புள்ள தம்பி க.,

அட்மாஸ்பியர் தோற்கவில்லை. 2008இல் அவர்கள் வெளியிட்ட ஆல்பம், அமெரிக்காவில் ஆல்பங்களின் விற்பனையை வரிசைப்படுத்தும் பில்போர்டு 200 பட்டியலில் நேராக ஐந்தாம் இடத்தில் நுழைந்தது. அப்படிப்பட்டவர்களை இன்னமும் அண்டர்கிரவுண்ட் என்று அழைக்கிறார்கள் என்றால், கேட்பவர்களின் தலைக்கணக்கை வைத்து அந்தப் பெயர் வரவில்லை என்பது தெளிவு. பாடலை வெளியிட்டது யார், விற்றது யார், அடுத்த பாடல் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது யார் என்பதை வைத்தே அந்தப் பெயர் நிலைத்தது.

அவர்களுடைய ஊர் மின்னியாபொலிஸ். ராப் இசையின் தலைநகரங்களாக இருந்த நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் வெகுதொலைவில், கடுங்குளிர் அடிக்கும் வடக்கு மாநிலம் ஒன்றில் இருக்கும் நகரம். ஸ்லக் என்ற பெயரில் பாடும் ஷான் டேலியும் ஆன்ட் என்ற பெயரில் இசையமைக்கும் ஆன்டனி டேவிஸும் 1995இல் நண்பர்களோடு சேர்ந்து ரைம்சேயர்ஸ் என்ற வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதல் ஆல்பம் 1997இல் வந்தபோது ஸ்பான் என்ற இன்னொரு பாடகரும் குழுவில் இருந்தார். அவர் விலகிய பிறகே அது நீங்கள் அறிந்த இருவர் குழுவாயிற்று. கச்சேரிக்குப் போகும் ஊர்களிலெல்லாம் தாங்களே பதிவு செய்த தொகுப்புகளை எடுத்துச் சென்று, மேடையை விட்டு இறங்கியதும் தங்கள் கையாலேயே விற்றார்கள். 1999இல் ஃபிஃப்த் எலிமென்ட் என்ற இசைத்தட்டுக் கடையை ரைம்சேயர்ஸ் தங்கள் ஊரிலேயே திறந்தது. அது 2020 வரை நடந்தது. 2008 முதல் 2019 வரை சவுண்ட்செட் என்ற ஹிப்ஹாப் திருவிழாவையும் ஆண்டுதோறும் நடத்தினார்கள். வெளி நிறுவனங்களின் வாசலை அவர்கள் மிதிக்கவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2003இல் வந்த ஆல்பத்தை எபிடாஃப் நிறுவனத்தோடு சேர்ந்தே வெளியிட்டார்கள். ஆனால் சொந்த நிறுவனத்தின் பெயரை அவர்கள் ஒருபோதும் எடுத்துவிடவில்லை.

பல்லடத்துக்காரரான உங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பிறர் கொடுக்கும் துணியை ஜாப் ஒர்க்காகத் தைத்துக் கொடுப்பவருக்கும், வெறும் நான்கு மெஷின்களை வைத்துக்கொண்டு சொந்த லேபிளில் பனியன் போடுபவருக்கும் உள்ள வேறுபாடு திருப்பூர் வட்டாரத்தில் குழந்தைக்கும் தெரியும். முன்னவருடைய வருமானம் கூடுதலாகவே இருக்கலாம், ஆனால் ஆர்டர் நின்றுபோகும் நாளில் அவரிடம் எஞ்சுவது மெஷின் மட்டும்தான்.

இனி நம் ஊர்க் குழுவுக்கு வருகிறேன். ஆதியும் ஜீவாவும் 2005 வாக்கில் தொடங்கினார்கள். 2012இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் சினிமாவின் துணையில்லாமல் இணையத்தின் வழியாகவே பரவியது. 2015இல் அவர்கள் திரைப்பட இசையமைப்பாளர்களானார்கள். 2017இல் ஆதி தாமே எழுதி இயக்கிய படத்தில் நாயகனாகவும் நடித்தார். இதை விலைபோதல் என்று ஏசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மின்னியாபொலிஸ் குழுவுக்குக் கிடைத்த இசைத்தட்டுக் கடைகளும், சீட்டு வாங்கிக்கொண்டு வந்து நிற்கும் சிறு அரங்குகளும், ஊர் ஊராகச் செல்லும் கச்சேரிப் பாதையும் அன்று தமிழ்நாட்டில் இல்லை. நமது வானொலியும் தொலைக்காட்சியும் திரைப்பாடல் அல்லாத இசைக்கு ஒதுக்கிய இடம் மிகச் சிறியது. மலேசியத் தமிழ் ராப் கலைஞர் யோகி பி, நட்சத்திரா என்ற குழுவுடன் சேர்ந்து 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்து, சினிமாவுக்கு வெளியேயும் தமிழ் ராப் செல்லுபடியாகும் என்று காட்டியிருந்தார். ஆயினும் இங்கே இருந்த இந்த இருவருக்குச் சென்னையும் கோடம்பாக்கமும் தவிர வேறு பெரிய சந்தை இருக்கவில்லை.

ஆனாலும் அதற்கு ஒரு விலை உண்டு. ராப் என்பது அடிப்படையில் பாடுபவரே தம் பெயரைச் சொல்லி, தம் தெருவைச் சொல்லி, தம் கோபத்தைச் சொல்லும் கலை. திரைப்பாடலோ கதாநாயகனுக்காக எழுதப்படுவது. நாயகன் கோபப்படும்போது ராப் கோபப்படும், அவன் காதலிக்கும்போது அதுவும் காதலிக்கும். ஸ்லக் தம் பாடல்களில் தம்முடைய குடியையும் தோல்விகளையும் தந்தையாக வாழ்வதையும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிக்கொண்டே வந்தார், அதனால் அவருடைய ஆல்பங்களை வரிசையாகக் கேட்டால் ஒரு மனிதர் முதிர்வதைக் காண முடிகிறது. அத்தகைய தொடர்ச்சி திரையிசைக்குள் கிடைப்பது அரிது. எனக்கு அட்மாஸ்பியரின் எல்லா ஆல்பங்களும் பிடிக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். சிலவற்றில் தன்னிரக்கம் அளவுக்கு மீறிப்போகிறது.

உடுக்கடிப் பாட்டைப் பற்றி உங்கள் நண்பர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அண்ணன்மார் கதையான பொன்னர் சங்கர் கதையை உடுக்கையடித்து இரவிரவாகப் பாடும் கலைஞர், கேட்பவர் அனைவருக்கும் முன்பே தெரிந்த ஒரு கதையை, ஊருக்குப் பொதுவான தெய்வங்களின் பொருட்டுப் பாடுகிறார். அங்கே பாடுபவரின் சொந்த வாழ்க்கைக்கு இடமில்லை. பழைய கலைக்குப் பெருமை சேர்க்க அதற்கு அமெரிக்கப் பெயர் சூட்ட வேண்டியதும் இல்லை. ஓர் ஒற்றுமையை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். முதன்மைப் பாடகரோடு பின்பாட்டுக்காரர் ஒருவர் இருப்பார், அவர் சரியான இடத்தில் வாங்கிப் பாடாவிட்டால் கதை நகராது. ஆனாலும் ஊர் நினைவில் வைத்திருப்பது முன்னவரின் பெயரைத்தான். ராப் இரட்டையரிலும் அதுவே நடக்கிறது. ஆன்ட் பல ஆண்டுகள் சுற்றுப்பயணங்களுக்கே போகாமல் ஊரில் இருந்து பீட் அமைத்தார். ஆதியின் முகத்தை அறிந்தவர்களில் எத்தனை பேர் ஜீவாவை வழியில் கண்டால் அடையாளம் காண்பார்கள்?

இருவர் குழுக்கள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால், வீட்டில் கேட்கும் கேள்விக்கான என் பதிலையும் இங்கிருந்தே தொடங்குகிறேன். வரி உங்களுடையது, இசை உங்கள் நண்பருடையது. இரண்டும் சட்டப்படி தனித்தனிப் படைப்புகள். வருமானம் வருவதற்கு முன்பே பங்கு இன்னதென்று இருவரும் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்களுக்குரிய ராயல்டியை, அதாவது பாடல் பயன்படும்போது வரும் உரிமைத்தொகையை, வாரிசுகளுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ அல்லாமல் வேறு எவருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. எனவே இருவரும் தனித்தனியாக, பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்குமான காப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகுங்கள். ஏதேனும் நிறுவனம் ஒப்பந்தத்தோடு வந்தால் எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தெந்த நாடுகளுக்கு உரிமை கேட்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். சோற்றுக்கு இன்னும் சில ஆண்டுகள் வேறு வேலை வேண்டியிருக்கும் என்பதை வீட்டாரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்